மாமியின் வாக்குமூலமும் கலியாண வீடியோக்காரர்களும்

வெள்ளவத்தையில் கலியாணம், சாமத்திய வீடு, அறுபதாம் கலியாணம் என்று படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வீடியோ நிலையம், வயதானவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து கொடுக்கும் சேவை ஒன்றையும் இப்போது நடத்துகிறது. வீட்டுக்கே வருவார்கள். பெரியவரை உட்காரவைத்துப் பேசவிட்டு, பேசியதை வெட்டி ஒட்டி நாற்பது நிமிடப் படமாக்கிக் கையில் தருவார்கள். கட்டணம் 85,000 ரூபா. நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறை சொல்லும் இடத்தில் பெயர் போட்டால் அந்தப் பிள்ளைகளின் பிழைப்பில் மண் விழும். நிறை சொல்லும் இடத்தில் போட்டால் விளம்பரத்துக்குக் காசு வாங்கிவிட்டேன் என்பார்கள். இந்த வேலையைச் செய்பவர்கள் கொழும்பில் வேறு சிலரும் இருக்கிறார்கள். எவரிடம் போனாலும் ஏறக்குறைய இதே சங்கதிகள்தான் எழும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கமராவுக்கும் ஒலிப்பதிவுக்கும் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். வெட்டி ஒட்டும் வேலைக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கும் வேலையை அவர்களிடம் விடவே கூடாது.

கமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர் என் மாமி, அம்மாவின் தமையன் மனைவி. வயது எண்பத்தைந்து. சாவகச்சேரிப் பக்கத்தில் பிறந்து, பிரசவம் பார்க்கும் மருத்துவ மாதுவாகப் பயிற்சி முடித்து, 1960களின் தொடக்கத்தில் நுவரெலியா மாவட்டத்து டயகம தோட்டத்துக்குப் போனவர். அக்கரப்பத்தனைக்கும் அப்பால், மலையின் தொங்கலில் இருக்கிறது டயகம. சுவீடன் அரசின் உதவியோடு அங்கே நடந்துகொண்டிருந்த குடும்பத் திட்டமிடல் வேலையில் சேர்ந்தார். பிறகு கொழும்பிலும் மலைநாட்டிலுமாக ஓய்வுபெறும் வரை அதே வேலைதான்.

டயகமவின் பெயர் அந்த வகையில் சின்னப் பெயரல்ல. 1958 மே மாதம் இலங்கை அரசும் சுவீடன் அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் குடும்பத் திட்டமிடலுக்கென்று கொடுத்த முதல் உதவி என்று உலக வரலாற்றில் குறிக்கப்படுவது அதுதான். (அதே மே மாதத்தில்தான் தீவெங்கும் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்து எழுதுவதில்லை.) சோதனைக்கு இரண்டு இடங்கள் தெரிவாகின: களுத்துறை மாவட்டத்தில் சிங்களக் கிராமங்கள் கொண்ட பண்டாரகம, மலையில் தமிழ்த் தொழிலாளர் வாழும் டயகம. வெளிநாட்டு டொக்டர்கள் எழுதிய அறிக்கைகளும் கட்டுரைகளும் நூலகங்களில் இருக்கின்றன. நான் முப்பது வருடத்துக்கு மேல் நூலகத்தில் வேலை பார்த்தவள், தேடத் தெரியும். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கிய மருத்துவ மாதுகள் தம் வாயால் சொன்ன எதுவும் எனக்கு அகப்படவில்லை.

இந்தத் துறையின் முன்னோடிகளைப் பேசவைத்துப் பாதுகாக்கும் வேலையை வேறு இடங்களில் ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள சோபியா ஸ்மித் ஆவணத் தொகுப்புக்காக, ஹியூலெட் அறக்கட்டளையின் பணத்தில், 2000களின் தொடக்கத்தில் ரெபெக்கா ஷார்ப்லெஸ் போன்றவர்கள் குடும்பத் திட்டமிடல் துறையின் பெரிய தலைகளை உட்காரவைத்து நீண்ட நேர்காணல்கள் எடுத்தார்கள். ஃபோர்டு அறக்கட்டளையில் இருந்து பங்களாதேஷில் வேலை செய்த ஏட்ரியன் ஜெர்மெய்ன், அமெரிக்கச் செல்வந்தர் மூன்றாம் ஜோன் டி. ராக்ஃபெல்லரிடம் பணியாற்றிய ஜோன் டன்லொப், சர்வதேசக் குடும்பத் திட்டமிடல் சம்மேளனத்தின் முதல் வைத்திய இயக்குநர் மல்கம் பொட்ஸ், 1994 கெய்ரோ சனத்தொகை மாநாட்டை நடத்திய நஃபிஸ் சாதிக் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். எழுத்து வடிவத்தை எவரும் இலவசமாக இறக்கி வாசிக்கலாம். நான் வாசித்தேன், சிலவற்றை இரண்டு தரம் வாசித்தேன். அந்த நேர்காணல்களில் எனக்குப் பிடித்தது, எவரும் எவரையும் அவசரப்படுத்தவில்லை என்பது. பேசுகிறவர் தடுமாறிய இடம் தடுமாற்றமாகவே இருக்கிறது. கேட்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, அதனால் அடுத்த கேள்வி முன்னைய பதிலிலிருந்து பிறக்கிறது.

குறை ஒன்றுண்டு. பேசுகிறவர்கள் நிதி கொடுத்தவர்கள், திட்டம் வகுத்தவர்கள், மாநாட்டில் வாதாடியவர்கள். நம் பக்கத்திலும் நிலைமை அதுதான். கொழும்பில் 1913இல் பிறந்து பம்பாய்க்குப் போய் அங்கே குடும்பத் திட்டமிடல் சங்கத்தை வளர்த்த ஆவாபாய் வாடியா தன் வாழ்க்கையைத் தானே எழுதி வைத்தார். கனடாவிலிருந்து வந்து, ஒரு தமிழரை மணந்து, 1937இல் கொழும்பில் கருத்தடைக் கிளினிக் திறந்து ஊராரிடம் ஏச்சு வாங்கிய டொக்டர் மேரி இரத்தினத்துக்கு 1958இல் மக்சேசே விருது கிடைத்தது. பெயர் பெற்றவர்களுக்குப் பதிவு உண்டு. மாமிக்கு இருந்த பதிவெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன: நாட்குறிப்புகள், டயகமவில் எடுத்த படங்கள், ஒரு சுவீடன் தாதி அனுப்பிய நத்தார் வாழ்த்து அட்டைகள். 1983 யூலையில் வீடு எரிந்தபோது பெட்டியும் போயிற்று. மிச்சம் மாமியின் தலைக்குள் இருப்பது மட்டும். அதற்குத்தான் 85,000 ரூபா கொடுக்கச் சம்மதித்தேன்.

இனி சேவைக்கு வருகிறேன்.

முன்பதிவு செய்தவுடன் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்புகிறார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே பட்டியல். சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள், பள்ளிக்கூடத்தில் பிடித்த பாடம் எது, கலியாணம் எப்படி நடந்தது, உங்கள் கைப்பக்குவத்தில் சிறந்த கறி எது, இளைய தலைமுறைக்கு உங்கள் அறிவுரை என்ன. கடைசிக் கேள்வியை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அறிவுரை கேட்கிறவர்கள் எவரும் அதன்படி நடந்து தான் கண்டதில்லை என்றார். தொழில் பற்றி ஒரே ஒரு கேள்வி இருந்தது: "உங்கள் வேலையில் மறக்க முடியாத சம்பவம் எது?" நாற்பது வருடம் பிரசவ அறைகளிலும் லயன் காம்பராக்களிலும் கழித்த ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டால் அவர் எங்கே தொடங்குவார்?

கேள்வி கேட்பதற்கென்று அவர்களிடம் ஒரு பிள்ளை இருக்கிறாள். இனிமையான குரல், மரியாதை தெரிந்தவள், மாமியை "அம்மம்மா" என்றுதான் அழைத்தாள். ஆனால் ஒத்திகைக்கு மாமி "லூப்" என்றதும் அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். லிப்பஸ் லூப் என்ற பிளாஸ்டிக் கருத்தடை வளையம் 1960களில் ஆசியா முழுவதும் லட்சக்கணக்கான பெண்களின் உடலுக்குள் வைக்கப்பட்டது என்பதும், அதை வைத்த கைகளில் ஒன்று தனக்கு முன்னால் இருக்கிறது என்பதும் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கேள்விகளை நானே கேட்கிறேன் என்றேன். எந்த முறுமுறுப்பும் இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அவள் என் பின்னால் இருந்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். இரண்டாம் அமர்வில் அவளே என் காதில் ஒரு கேள்வி சொன்னாள், நல்ல கேள்வி: அந்தத் தோட்டத்துப் பெண்கள் உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. முதல் ஆறு மாதம் பெயரே இல்லை, கண்டதும் கதவைச் சாத்துவார்கள், பிறகுதான் "மருத்துவச்சியம்மா" ஆனேன் என்றார்.

ஒலிப்பதிவுக்கு வந்த தம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தை வீடுகளில் ஒரு பக்கம் காலி வீதி, மறு பக்கம் கடற்கரை ரயில். அவன் வந்தவுடன் கைபேசியில் ரயில் நேரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டான். ஃபேனை நிறுத்தினான். குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, போகும்போது மறக்காமல் இருக்கத் தன் மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள்ளேயே வைத்தான். மாமியின் பிரம்புக் கதிரை கிறீச்சிட்டதால் சாப்பாட்டு மேசைக் கதிரைக்கு மாற்றினான். சேலையில் குத்திய சின்ன ஒலிவாங்கி ஒன்று, பேச்சைத் தனியாகப் பதியும் கருவி ஒன்று என்று இரண்டு வழியில் எடுத்தான். முதலாவது அமர்வில் சேலைத் தலைப்பு ஒலிவாங்கியில் உரசிய பகுதிக்கு மற்றது கைகொடுத்தது. ரயில் வரும்போது மாமி வசனத்தை நடுவில் நிறுத்துவார், ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடருவார். டயகமவில் டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஓர் அருவி இருந்ததாம், மழைக்காலத்தில் அது இரையும்போது பேச்சை நிறுத்தி நிறுத்தித்தான் வகுப்பு எடுத்தாராம்.

கமராக்காரர்களும் மோசமில்லை. கண்ணாடியில் விளக்கு பளபளத்ததை யன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்துச் சரிசெய்தார்கள். இரண்டாவது கமரா கைகளை மட்டும் எடுத்தது. அது வீண் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பெண்ணின் உடலுக்குள் வைக்கும் நுரை மாத்திரை என்ற கருத்தடை மாத்திரையை எப்படி நனைத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தார் என்பதை மாமி வாயால் சொல்லவில்லை, விரலால்தான் காட்டினார்.

அந்த மாத்திரைக் கதை கேட்க வேண்டிய கதை. டயகமவில் கொடுத்தவற்றில் ஆணுறையும் நுரை மாத்திரையும் முக்கியமானவை. நுரை மாத்திரை ஈரம் பட்டால் நுரைக்கும், அதுதான் அதன் வேலை. டயகமவிலோ வருடத்தில் பாதி நாள் மூடுபனி, உப்புக்கூடத் தண்ணீராகிவிடும். கொழும்பில் இருந்து வந்த மாத்திரைகள் சில வீடுகளில் குழாய்க்குள்ளேயே பொங்கிப் போயின. வெளிநாட்டு டொக்டருக்கு இது பிடிபட நாள் எடுத்தது. மாமி தகர டின்னில் வறுத்த அரிசி போட்டு அதற்குள் குழாயை வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அரிசி பங்கீட்டுக்கு வந்த காலம்; ஒரு மாமியார் அந்த அரிசியை எடுத்துக் கஞ்சி வைத்துவிட்டாள். மருமகளுக்கு நான்காவது பிள்ளை பிறந்தபோது என் மாமியே பிரசவம் பார்த்தார். இதைச் சொல்லும்போது சிரிக்கிறார், உடனே நிறுத்திக்கொண்டு, அந்தப் பிள்ளை இப்போது இந்தியாவில் எங்கோ இருக்கும் என்கிறார்.

இந்தியா என்றது ஏன் என்று கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் அடுத்த அரை மணி நேரம் கிடைக்கும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலானோர் குடியுரிமை இல்லாதவர்களாகியிருந்தார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. தங்களைத் தலை எண்ணிப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்த சனங்களிடம் போய், பிள்ளையைக் குறையுங்கள் என்று சொல்ல வேண்டிய வேலை மாமிக்கு. "எங்களை எண்ணிக்கொண்டு போனவர்களும் காகிதத்தோடுதான் வந்தார்கள், நீயும் காகிதத்தோடுதான் வருகிறாய்" என்று, காலையில் தொழிலாளர்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு பெண் கேட்டாளாம். மாமி அதன்பிறகு பதிவுக் கொப்பியைப் பையில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குச் சிரங்கு மருந்து பூசுவார், பேச்சு தானாக வரும், இரவு விடுதிக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவார். யாழ்ப்பாணத்துப் பெண், அதுவும் உத்தியோகக்காரி, லயத்துக்குள் உட்கார்ந்து சாயத் தண்ணீர் குடிப்பதை விரும்பாத யாழ்ப்பாணத்தாரே அந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்றும் சொன்னார். பெயர்களும் சொன்னார். பெயர்களைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

கொழும்புக் காலத்தை மாமி விரைவாகவே கடந்தார். டொக்டர் சிவா சின்னத்தம்பியைப் பற்றிய இடத்தில் மட்டும் நின்றார். பெண்நோய் வைத்தியர், தமிழ்ப் பெண், குடும்பத் திட்டமிடல் சங்கத்தின் வேலையில் முன்னின்றவர், வாய்வழி மாத்திரையை இலங்கைப் பெண்களுக்குக் கொடுத்துச் சோதித்தவர்களில் ஒருவர். அந்தக் காலத்து மாத்திரையில் மருந்தின் அளவு இன்றையதைவிடப் பல மடங்கு. குமட்டலும் தலைச்சுற்றும் சாதாரணம். டொக்டர் அறைக்குள் வந்தால் சேலைக் கரையின் சரசரப்பிலேயே தெரியும், எழுந்து நின்றுவிடுவோம் என்கிறார் மாமி. 1973இல் "பிரீத்தி" ஆணுறை கடைகளுக்கு வந்ததும், அதுவரை காதோடு காதாகப் பேசிய சொல் பெட்டிக்கடைப் பலகையில் தொங்கியதும் அவருக்கு இன்றும் வேடிக்கை.

இப்போது என் முறைப்பாடு.

மூன்று வாரத்தில் நாற்பது நிமிடப் படம் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தொடக்கத்தில் வீணை, முடிவில் புல்லாங்குழல். மாமியிடம் பழைய படங்கள் இல்லாததால் அந்த இடங்களை இணையத்தில் வாங்கிய காட்சிகளால் நிரப்பியிருந்தார்கள்: பச்சை மலை, அதில் பளிச்சென்று சேலை கட்டிச் சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண்கள். சுற்றுலா விளம்பரத்துக்கு எடுத்தவை. பனியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, காலில் அட்டை ஏற நின்ற பெண்களைப் பற்றி மாமி பேசிக்கொண்டிருக்க, திரையில் அந்தச் சிரிப்பு ஓடுகிறது. படம் இல்லாவிட்டால் இல்லை என்று விட்டுவிட வேண்டும். மாமியின் முகத்தையே காட்டியிருக்கலாம். அதைவிட நல்ல காட்சி அவர்களிடம் இருக்கவில்லை.

தலைப்பு இன்னும் மோசம். "இலங்கையின் முதல் குடும்பக் கட்டுப்பாட்டுத் தாதி" என்று போட்டிருந்தார்கள். மாமி முதலும் இல்லை, தாதியும் இல்லை. கேட்டதற்கு, "அக்கா, அப்படிப் போட்டால்தான் எடுபடும்" என்றார் முதலாளித் தம்பி. எடுபடுவதற்கு அது கறி அல்ல என்றேன். மாற்றினார்கள்.

இவை எல்லாம் பொறுக்கக்கூடியவை. பொறுக்க முடியாதது ஒன்று. 1980களின் தொடக்கத்தில் கருத்தடை அறுவை செய்துகொள்பவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. 500 ரூபா வரை போனது. அந்த நேரம் மாமி மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தார். அந்தப் பணம் தோட்டத்துக் குடும்பத்துக்கு என்ன பெறுமதி என்று அவருக்குத் தெரியும். அறுவை செய்துகொண்டு போன ஒரு பெண் அடுத்த வருடம் திரும்பி வந்தாள். வீட்டில் இருந்த ஒரே ஆண் பிள்ளை வயிற்றோட்டத்தில் இறந்துவிட்டது. கட்டியதை அவிழ்த்துவிட முடியுமா என்று கேட்டாள். மாமி இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் கேட்டேன்: முதல் நாள் அவள் கையெழுத்து வைத்தபோது, இதைத் திரும்ப அவிழ்க்க முடியாது என்று சொன்னீர்களா? மாமி பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். ஒரு ரயில் போனது. இம்முறை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு, "சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன்" என்றார். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "வரிசை நீளம்" என்றார்.

படத்தில் இது இப்படி வந்திருக்கிறது: பெண் திரும்பி வந்தாள், கேட்டாள், வீணை, மாமி கண்ணாடியைத் துடைக்கும் காட்சி, அடுத்து ஓய்வுபெற்ற கதை. என் கேள்வி இல்லை. பதில் இல்லை. பார்க்கிறவர் மாமி அந்தப் பெண்ணுக்காகக் கண்கலங்குகிறார் என்று நினைப்பார். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். அம்மம்மாவைக் கெட்டவராகக் காட்டக் கூடாது என்று நினைத்தோம் என்றார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கலியாண வீடியோவில் மாப்பிள்ளை தும்முவதை வெட்டிப் பழகிய கை. ஆனால் நாற்பது வருட வேலையில் மாமி தன்னைத் தானே விசாரித்த ஒரே இடம் அது. இந்தத் துறையைப் பற்றி நாளைக்கு எழுத வருகிற எவருக்கும் படத்தின் நாற்பது நிமிடத்தைவிட அந்த இரண்டு நிமிடம்தான் வேண்டும். மாமியிடமே கேட்டேன். சொன்னதைச் சொன்னபடி வைக்கச் சொல், இல்லாவிட்டால் முழுவதையும் அழிக்கச் சொல் என்றார்.

அதனால்தான் வெட்டாத பதிவைக் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். பக்கேஜில் அது சேராது. தனியாக 15,000 ரூபா, அதுவும் நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்காவிட்டால் ஆறு மாதத்தில் அழித்துவிடுவார்கள். தருவது பெரிய கோப்புகள், பென் டிரைவ் போதாது, வெளி ஹார்ட் டிஸ்க் நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு வாங்கிக் கொடுத்து இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எரிந்த வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். படத்தை இணைய இணைப்பாகவும் அனுப்புகிறார்கள், அது ஒரு மாதத்தில் காலாவதியாகிவிடும்.

பேச்சை எழுத்தாக்கித் தரும் வசதியும் உண்டு, 10,000 ரூபா. வாங்காதீர்கள். கணினி எழுதியதைத் திருத்தாமல் தருகிறார்கள். மாமியின் பெரட்டுக்களம் பரோட்டாக் களமாகியிருந்தது. கங்காணி "காணவில்லை" ஆகியிருந்தது. டயகம ஓரிடத்தில் தயவும் இன்னோரிடத்தில் தாயகமும் ஆகியிருந்தது. நானும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினோம். மாமி பக்கத்தில் இருந்து ஊர்ப் பெயர்களைச் சரிபார்த்தார்.

அனுமதிப் பத்திரம் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் நீட்டும் தாளில் கடைசிக்கு முந்தைய வரி, பதிவின் எந்தப் பகுதியையும் தங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிறது. கலியாணத்துக்கு அது பரவாயில்லை. மருத்துவ மாது ஒருவரின் பேச்சில் மற்றப் பெண்களின் கருப்பை இருக்கிறது: யார் எத்தனை தரம் கலைத்தாள், யார் புருஷனுக்குத் தெரியாமல் லூப் வைத்தாள். அவர்களில் சிலரும் அவர்களின் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். நான் அந்த வரியை வெட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தேன். அப்படியிருந்தும், பதினொரு பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் கதையை, பெயரோடு, ஒரு நிமிடத் துண்டாக்கித் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். கேள்வி கேட்கும் அந்தப் பிள்ளைதான் எனக்குத் தகவல் சொன்னாள். தொலைபேசியில் என் குரல் உயர்ந்த கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டார்கள், மாமியிடம் நேரில் வந்தும் கேட்டார்கள், ஒரு கேக்கோடு. மாமி கேக்கை வாங்கிக்கொண்டு வந்த பையனுக்கு இரகசியம் காப்பது பற்றி ஒரு வகுப்பே எடுத்தார். இப்போது பெயர் வரும் இடங்களை நேரம் குறித்து ஒரு பட்டியலாக்கி, ஹார்ட் டிஸ்க்கோடு வைத்திருக்கிறேன். முழுப் பதிவை எந்த நூலகத்துக்குக் கொடுத்தாலும் அந்த இடங்கள் இத்தனை வருடம் மூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுப்போம். எத்தனை வருடம் என்பதில் மாமிக்கும் எனக்கும் இன்னும் இழுபறி. அவர் ஐம்பது என்கிறார், நான் முப்பது என்கிறேன்.

திருத்திய படத்தை இரண்டாம் தரம் இலவசமாகத் தந்தார்கள். என் கேள்வியும் மாமியின் பதிலும் உள்ளே வந்துவிட்டன. வீணை அந்த இடத்தில் மட்டும் இல்லை, மற்ற எல்லா இடத்திலும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கனடாவில் அதைத்தான் பார்க்கிறார்கள், மகிழ்ச்சியாகவே பார்க்கிறார்கள்.

பண்டாரகமப் பக்கத்தில் வேலை செய்த சிங்களப் பெண்மணி ஒருவர், மாமியைவிட இரண்டு வயது மூத்தவர், தானும் பேசச் சம்மதித்திருக்கிறார். அதற்கும் இவர்களையே அழைத்திருக்கிறேன். ஒலிப்பதிவுத் தம்பி கட்டாயம் வரவேண்டும், இரண்டு கமரா வேண்டும், வெட்டுவது ஒட்டுவது வீணை எதுவும் வேண்டாம், எடுத்ததை எடுத்தபடி தாருங்கள் என்றேன். அதற்குப் பக்கேஜ் இல்லையே அக்கா என்கிறார் முதலாளித் தம்பி. 60,000 கேட்கிறார். நான் 40,000இல் நிற்கிறேன்.